கண்ணாடிக்குள் ஒரு கடல்



வேலை முடிந்து, குளித்து முழுகி, இரவுச் சாப்பாட்டுக்குமுன் சற்றே ஓய்வாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பள்ளிப் பிள்ளைகளே! இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடல். கடல் என்றால் அலை வீசும் கடல் மட்டுமன்று. நகரத்தின் நடுவே கண்ணாடிச் சுவருக்குள் அடைத்து, நுழைவுச் சீட்டு கொடுத்துக் காட்டும் கடலும்தான். அங்கே வாழும் உயிர்களைப் பற்றியும், அத்தகைய இடங்களால் அந்த உயிர்களுக்கு நன்மை உண்டா என்பதைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

நாங்கள் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள். எங்கள் தோட்டத்துச் செம்பனை மரங்களைத் தாண்டி, ஆற்றோரமாகவே போனால் கடல் வந்துவிடும். ஆனாலும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள், "உங்களில் எத்தனை பேர் கடலைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது பாதிக் கைகள்தாம் உயர்ந்தன. கை தூக்கியவர்களில் ஒரு பையன், "நான் பார்த்தது சேறுதான் சார், தண்ணி ரொம்பத் தூரத்தில இருந்துச்சு" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. சிலாங்கூர்க் கரை பெரும்பாலும் சேற்றுக் கரை. அலையாத்தி மரங்கள் நிற்கும் கரை. கலங்கிய அந்த நீருக்குள் என்ன வாழ்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

நம் பாட்டன் பாட்டிமார் கடல் கடந்து வந்தவர்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறி, நாள் கணக்கில் நீரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கப்பல் 1973ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கடலை அறியாமல் வளர்கிறார்கள். இந்த எண்ணம் எங்களை உறுத்தியது. ஆகவே, கோலாலம்பூரில் உள்ள 'அக்குவேரியா' என்னும் கடற்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னதும், குலை வெட்டும் வேலை செய்யும் ஒரு தகப்பனார் எழுந்தார். "சார், மீனைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம லயத்துக்கு மோட்டார் சைக்கிள்ல மீன்காரர் வர்றாரே, அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினாப் போதாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொன்னும் கேக்கறேன். சும்மா சுத்திக்கிட்டிருந்த உயிரைப் பிடிச்சு அடைச்சு வச்சு, காசு வாங்கிக் காட்டுறாங்க. அதைப் போய்ப் பார்த்துக் கைதட்டுறது படிப்பா?" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. முதல் கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடிந்தது. பழைய செய்தித்தாள் சேகரித்து விற்ற பணம் சங்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பெரிய செலவு வராது என்றோம். இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறோம் ஐயா" என்றோம். இன்றைய பேச்சு அந்தப் பதில்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். கிள்ளான் வரையில் பேருந்து. அங்கிருந்து கொமுட்டர் இரயில். சில மாணவர்களுக்கு அதுவே முதல் இரயில் பயணம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாணவியின் பாட்டியும் உடன் வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர் அவர். இரயில் பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நின்றதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்கே எல்லாம் தண்டவாளமா இருந்துச்சு. என் சின்னையா இரயில்வேயில வேலை பார்த்தாரு" என்றார். ஆம், பழைய இரயில் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் களமாக இருந்த இடத்தில்தான் இந்தப் பெரிய நிலையம் எழுந்தது. நம்மவர் பலர் அங்கே உழைத்தவர்கள். அங்கிருந்து வேறொரு இரயில் மாறி, பூமிக்கடியில் சென்று, இரட்டைக் கோபுரத்தின் அருகே இறங்கினோம்.

கோலாலம்பூர் மாநாட்டு மையத்துக்குக் கீழே இருக்கிறது அந்தக் கடற்காட்சியகம். சுமார் இருபது ஆண்டுகளாக இயங்கி வருகிறது. நீர்நாய், அமேசான் ஆற்றிலே வாழும் ஆளுயர அரப்பைமா மீன், கூர்ப்பல் பிரானா மீன் ஆகியவற்றைக் கடந்து போனால், 90 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கப் பாதை வருகிறது. தரை தானாக நகர்கிறது. தலைக்கு மேலும் இரு புறமும் நீர். நம் தலைக்கு மேலே திருக்கை மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு பறப்பது போல் போகிறது. வாயெல்லாம் பல்லாக ஒரு சுறா மெதுவாக வருகிறது. பிள்ளைகள் முதலில் கத்தினார்கள். பிறகு ஒருவரும் பேசவில்லை. மீன்காரரின் பெட்டியில் உள்ள மீனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த மௌனத்தில் எங்களுக்கு விளங்கியது.

நேயர்களே, ஒரு தொட்டியிலே கடலை உண்டாக்குவது எளிதன்று. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் மீன் துன்புறும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட் ஆகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்கள் குடியிருக்க வடிகட்டித் தொட்டிகள் அமைத்து, இரவும் பகலும் நீரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுறாவும் மற்ற மீன்களும் ஒரே தொட்டியில் எப்படிச் சண்டையின்றி இருக்கின்றன என்று ஒரு மாணவன் கேட்டான். வயிறு நிறைந்த சுறா வேட்டையாட முனைவது குறைவு. ஆதலால் வேளை தவறாமல் தீனி போடுகிறார்கள்.

புதிதாக வரும் எந்த உயிரையும் உடனே தொட்டியில் விடுவதில்லை. நோய் இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். இதைச் சொன்னதும் பாட்டி, "எங்க ஆத்தாவையும் கப்பல்ல வந்து எறங்கினதும் அப்படித்தான் தனியா கொட்டடியில வச்சிருந்தாங்களாம்" என்றார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த கிள்ளான் துறைமுகத்தில், கப்பலில் வந்தவர்களை நோய்த் தடுப்பு முகாமில் தங்கவைத்த கதை அது. பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

அதற்குச் சற்று நேரத்துக்குப் பின்புதான் அந்த ஆமை வந்தது. பெரிய கடலாமை. கண்ணாடி ஓரமாகவே நீந்தி வந்தது, வளைவில் திரும்பியது, மறுபடியும் அதே வழியில் வந்தது. பாட்டி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "வேளாவேளைக்குச் சோறு போடுறாங்க, நோய்க்கு மருந்து கொடுக்குறாங்க. எல்லாம் சரிதான். ஆனா அது நெனச்ச பக்கம் போக முடியாதில்ல."

லயத்திலே பிறந்து, லயத்திலே மணமுடித்து, லயத்திலேயே பிள்ளை பெற்ற ஒருவர் சொன்ன சொல் அது. எங்கள் கூட்டத்தில் அந்தத் தகப்பனார் கேட்ட கேள்வியும் இதுவேதான். இதை ஒதுக்கிவிட்டுக் கடற்காட்சியகத்தின் பெருமையை மட்டும் பேசினால் அது பாடமாகாது. ஆகவே உலகத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 'சீ வேர்ல்ட்' என்னும் கடற்பூங்கா 1964ஆம் ஆண்டு சான் டியேகோ நகரில் திறக்கப்பட்டது. ஓர்க்கா எனப்படும் கறுப்பு வெள்ளை உயிரினத்தைப் பழக்கித் துள்ளவும், சுழலவும், மனிதரை முதுகில் ஏற்றவும் வைத்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆனால் ஓர்க்கா குடும்பமாக வாழும் உயிர். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தக்கூடியது. தொட்டி எவ்வளவு பெரிதாயினும் அதற்கு அது ஒரு கிணறுதான். 2010ஆம் ஆண்டில் ஒரு பயிற்சியாளர் ஓர்க்காவால் உயிரிழந்தார். 2013இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. மக்கள் கேள்வி கேட்டார்கள். 2016ஆம் ஆண்டில், இனி ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்வதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதே நிறுவனம் கரையொதுங்கிய கடற்சிங்கங்களையும் ஆமைகளையும் மீட்டுச் சிகிச்சை அளித்து வந்திருக்கிறது என்பதும் உண்மை. ஒரே கூரையின் கீழ் நன்மையும் தீமையும் சேர்ந்திருந்தன.

நம் முன்னோர் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1990களின் இறுதியில் சென்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா வெளிநாட்டிலிருந்து ஓங்கில் மீன்களைக் கொண்டுவந்து வித்தை காட்ட முற்பட்டது. ஓங்கில் என்பது டால்பினுக்குத் தமிழ் மீனவர் வழங்கும் பெயர். சில மாதங்களிலேயே அவை மாண்டன. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய நடுவணரசு, டால்பின் காட்சிச்சாலைகளுக்கு அனுமதி இல்லை என்று முடிவு செய்தது. ஆகவே, நமது தகப்பனார் கேட்ட கேள்வி அறியாமையால் பிறந்ததன்று. பெரிய அரசாங்கங்களே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன.

அப்படியானால் எல்லாத் தொட்டிகளையும் கூண்டுகளையும் திறந்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. மறுபக்கத்தையும் பார்ப்போம்.

1963ஆம் ஆண்டு துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் திறந்துவைத்த தேசிய மிருகக்காட்சிசாலை உலு கிள்ளானில் இருக்கிறது. நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்போம். அங்கே பால் நிறத்தில் ஒரு நாரை உண்டு. கடலோரச் சேற்றில் மீன் தேடி வாழும் பறவை அது. அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டதாலும், வேட்டையாலும், தீபகற்பத்தில் அது மிகவும் அருகிவிட்டது. 1987ஆம் ஆண்டு முதல் மிருகக்காட்சிசாலை அந்த நாரையைக் கூண்டுக்குள் குஞ்சு பொரிக்க வைத்தது. பிறகு அவற்றில் சிலவற்றைக் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சேற்று நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அழியவிருந்த ஓர் இனத்துக்கு அந்தக் கூண்டு தொட்டிலாக இருந்தது என்றால் மிகையாகாது.

ஆயினும் அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மஞ்சள்மூக்கு நாரை, பால்நாரைக்கு நெருங்கிய உறவு. மிருகக்காட்சிசாலையில் இரண்டும் அருகருகே வாழ்ந்து கலப்பினக் குஞ்சுகள் பிறந்தன. கலப்பினம் பெருகினால் பால்நாரை என்ற இனமே கரைந்துபோகும். ஆகவே எந்தக் குஞ்சு தூய இனம் என்று சோதித்துப் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. பாதுகாப்பு என்பது வெறும் அன்பினால் மட்டும் நடப்பதில்லை, அறிவும் வேண்டும்.

இதற்கு இன்னும் பெரிய சான்று திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரை. ஆமைகளிலெல்லாம் மிகப் பெரியது ஏழுவரி ஆமை. முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள் ஓடுவதால் தமிழில் அந்தப் பெயர். அதே வரம்புகளைக் கண்டு மலாய்க்காரர்கள் 'பெலிம்பிங்' பழத்தின் பெயரால் அழைக்கிறார்கள். எடை ஐந்நூறு கிலோவையும் தாண்டும். 1956ஆம் ஆண்டில் திரெங்கானுக் கரையில் இந்த ஆமைகள் இட்ட முட்டைக் குழிகள் 10,155. 1995ஆம் ஆண்டில் எத்தனை தெரியுமா? 37. பிழையாகக் கேட்டுவிட்டோமோ என்று எண்ண வேண்டாம், முப்பத்தேழுதான். ஒரு மனிதனின் வேலைக்காலத்துக்குள் ஒரு கடற்கரை வெறுமையாகிவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? கடலாமைக் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகிறது என்பது ஒரு பொதுக்கணக்கு. அதனால்தான் ஆமை நூறு முட்டை இடுகிறது. அந்த நூறையும் மனிதன் தோண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ஆமை பருவமடையப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். ஆகவே முட்டையை எல்லாம் எடுத்தாலும், பழைய ஆமைகள் வந்துகொண்டேயிருக்கும், குறைவே தெரியாது. தாய்மார்கள் முதுமையடைந்து மறைந்த பின்புதான், அடுத்த தலைமுறை பிறக்கவேயில்லை என்பது தெரியவரும். ஆழ்கடலில் பரப்பிய நெடிய மிதப்பு வலைகளிலும் பல ஆமைகள் சிக்கி மூச்சடைத்து மாண்டன. ஆமை மீனைப்போல் நீருக்குள் மூச்சுவிடாது. மேலே வந்துதான் ஆக வேண்டும்.

1961ஆம் ஆண்டு முதலே அங்கே முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. மணல் சூடேறினால் பெண், குளிர்ந்தால் ஆண். வெயில் படும் பொரிப்பிடத்தில் வந்த ஏழுவரி ஆமைக் குஞ்சுகள் பெண்ணாகவே அமைந்தன என்று 1990களில் ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். ஆண் இல்லாமல் இனம் எப்படிப் பெருகும்? இன்று பொரிப்பிடங்களுக்கு நிழல் போடுகிறார்கள், சூட்டை அளக்கிறார்கள். தாமதமாகத் தெரிந்துகொண்ட அறிவு அது.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் சிறுவராயிருந்த காலத்தில், கிழக்குக் கரைக்கு லோரி ஓட்டிய மாமா ஒருவர் வரும்போதெல்லாம் ஒரு பையில் ஆமை முட்டை கொண்டுவருவார். வெள்ளையாக, பிங்பாங் பந்து போல் இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. உடம்புக்குப் பலம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். நாங்கள் மிளகும் உப்பும் தொட்டு உறிஞ்சிக் குடித்திருக்கிறோம். தாய் அன்போடு கொடுத்தாள். நாங்கள் ஆசையோடு தின்றோம். ஒருவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் 10,155 என்பது 37 ஆனது இப்படிப்பட்ட அன்பான வீடுகள் பலவற்றால்தான். இதை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே பிறரைக் குற்றம் சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை.

நம் நாட்டு அரசியல் சட்டத்தின்படி ஆமை மாநில அரசின் பொறுப்பில் வருகிறது. அதனால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. திரெங்கானுவில் ஏழுவரி ஆமை முட்டையை விற்பது முன்பே தடுக்கப்பட்டிருந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தி, 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் எந்தக் கடலாமையின் முட்டையையும் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். கடற்பசு, திமிங்கிலச் சுறா போன்றவற்றைப் பிடிப்பதையும் 1999ஆம் ஆண்டின் மீன்வள விதிகள் தடுக்கின்றன. மிருகக்காட்சிசாலைகள் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதற்கும் 2012ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. சட்டம் வந்துவிட்டது, அதைக் காப்பது மக்கள் மனம்தான்.

மக்கள் மனம் எப்படி மாறும்? இங்கேதான் கண்ணாடித் தொட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சுரங்கப் பாதையில் பார்த்த சுறாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மணல் புலிச்சுறா' என்று அதைச் சொல்லலாம். பார்வைக்குப் பயங்கரம், ஆனால் சாதுவானது. ஒரு பேற்றில் இரண்டே குட்டி. அதுவும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பிடித்துக்கொண்டே போனால் எப்படி ஈடுகட்டும்? ஆழ்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்கள் 1970ஆம் ஆண்டிலிருந்து நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டன என்று 2021இல் ஓர் உலக ஆய்வு கூறியது. நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது வழக்கம். பால் சுரக்கும் என்பார்கள். அந்தத் தாய்க்குச் சத்துத்தான் வேண்டும். அது வேறு மீனிலும், முட்டையிலும், முருங்கைக் கீரையிலும், பருப்பிலும் கிடைக்கும். கண்ணால் ஒருமுறை சுறாவைப் பார்த்த பிள்ளை இதைக் கேட்டால் விளங்கிக்கொள்கிறது. பார்க்காத பிள்ளைக்குச் சுறா என்பது சட்டியில் உள்ள துண்டுதான்.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நாங்கள் சொல்ல விரும்பும் பதில் இது. ஐயா, கைதட்டுவதற்காகப் போனால் அது படிப்பன்று. கேள்வி கேட்பதற்காகப் போனால் அது படிப்பு. எந்தக் கடற்பூங்காவுக்குப் போனாலும், அது இங்கே இருந்தாலும் எங்கே இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு போகலாம்.

முதலாவது: இந்த உயிர் எங்கிருந்து வந்தது? கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா, அல்லது அடிபட்டு மீட்கப்பட்டதா?

இரண்டாவது: இதை இங்கே என்ன செய்ய வைக்கிறார்கள்? தன் இயல்புப்படி நீந்தித் திரிய விடுகிறார்களா, அல்லது பசியைக் காட்டி வித்தை செய்ய வைக்கிறார்களா? மீனுக்கும் ஆமைக்கும் டால்பினுக்கும் தேவை ஒன்றல்ல. சிறிய கடல்குதிரைக்கு ஒரு தொட்டி வீடாகலாம்; ஓர்க்காவுக்கு ஆகாது.

மூன்றாவது: நாம் கொடுக்கும் காசிலிருந்தும், இவர்கள் கற்கும் அறிவிலிருந்தும் கடலுக்குத் திரும்பிப் போவது என்ன? பால்நாரையைப் போல் ஓர் உயிராவது திரும்பிப் போகிறதா?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் இடம் பள்ளிக்கூடத்துக்குச் சமம். பதில் சொல்லாத இடம் வெறும் கண்காட்சிக் கொட்டகை.

காசு கொடுத்துப் பார்க்கும் இடம் இல்லாமலும் கடலைக் காக்கலாம் என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறோம். சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவு முழுவதும் கடற்கரையில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது. அங்கே மீனவர் அதை 'ஆவுளியா' என்பர். தொட்டி இல்லை, கண்ணாடி இல்லை. கடற்புல் வளரும் கடலே காப்பகம்.

நாம் தோட்டத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். செய்ய முடியும். நம் லயத்துக் கால்வாய் ஓடையில் சேர்கிறது. ஓடை ஆற்றில் சேர்கிறது. ஆறு கடலில் சேர்கிறது. நம் வாசலில் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, மழை பெய்த மறுநாள் அலையாத்தி வேரில் தொங்கும். ஏழுவரி ஆமையின் உணவு சொறிமீன். நீரில் மிதக்கும் பையும் சொறிமீனும் அதன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். விழுங்கினால் குடல் அடைத்துச் சாகும்.

மருந்து அடிக்கும் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். காலி மருந்து டின்களை ஓடையில் கழுவ வேண்டாம். மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடலாம். டின்னைத் துளையிட்டுத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாம். இது மீனுக்கு மட்டும் நன்மையன்று. அதே ஓடையில் நம் பிள்ளைகளும் கால் நனைக்கிறார்கள்.

அன்று மாலை இரயிலில் திரும்பியபோது பிள்ளைகள் களைத்துத் தூங்கிவிட்டார்கள். பாட்டியின் பேத்தி மட்டும் விழித்திருந்தாள். "சார், அந்த ஆமைக்குக் கடல் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள். ஆமை தான் பிறந்த கரையைத் தேடிப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் திரும்பி வரும் என்பதை வகுப்பில் படித்தவள் அவள். அது தொட்டியில் பிறந்ததா கடலில் பிறந்ததா என்று எங்களுக்குத் தெரியாதே என்றோம். "நீங்க கேக்கலையா?" என்றாள். நாங்கள் கேட்கவில்லை. மூன்று கேள்விகளும் எங்களுக்குத் தோன்றியது அந்த இரயிலில்தான், அவள் கேட்ட பிறகுதான்.

அடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்கள். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. அந்த ஆமை எங்கிருந்து வந்தது, என்றாவது கடலுக்குப் போகுமா என்று கேட்டு எழுதுகிறார்கள். கூட்டத்தில் எழுந்து பேசிய அந்தத் தகப்பனார் ஒருநாள் பள்ளி வாசலில் நின்று, "கடிதம் போட்டாச்சா சார்? பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் அவரும் பிள்ளைகளும் சேர்ந்து லயத்துக் கால்வாயில் கிடக்கும் பைகளைப் பொறுக்கி உரச் சாக்கில் கட்டுகிறார்கள். கடந்த முறை நான்கு சாக்கு நிறைந்தது.

நேயர்களே, நம் முன்னோர் கடலைக் கடந்து வந்து இந்த மண்ணைப் பண்படுத்தினார்கள். அந்தக் கடலுக்கு நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூருக்குப் போக வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று கண்ணாடிக்குள் இருக்கும் கடலைக் காட்டுங்கள். கேள்வி கேட்கவும் பழக்குங்கள். வசதி இல்லாதவர்கள் வீட்டு வாசல் கால்வாயைக் காட்டுங்கள். கடல் அங்கேதான் தொடங்குகிறது.